முதுமையில் பசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் நூலகத் திண்ணையில் சனிக்கிழமைகளில் முதியோருக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன். ஓஏபி எனப்படும் முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் என்று ஆரம்பிக்கும் பேச்சு சிறிது நேரத்தில் சாப்பாட்டில் வந்து நிற்கும். அவர்கள் கேட்கும் சந்தேகங்களும், உடன் வரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்னைத் தனியே அழைத்துக் கேட்பவையும் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"உணவுப் பாதுகாப்பின்மை"ன்னா என்ன? பட்டினியைத்தான் பெரிய வார்த்தையில சொல்றீங்களா?

பட்டினி அதன் கடைசிப் படி. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2014 முதல் உலகெங்கும் எட்டுக் கேள்விகளைக் கேட்டு இதை அளக்கிறது. காசில்லாததாலோ வேறு வழியில்லாததாலோ கடந்த 12 மாதங்களில் சாப்பாடு போதாமல் போய்விடுமே என்று கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. சத்தான உணவு கிடைக்காமல் போனதா, ஓரிரு வகை உணவையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டீர்களா, ஒரு வேளையைத் தவிர்த்தீர்களா, அளவைக் குறைத்தீர்களா, வீட்டில் உணவு தீர்ந்துபோனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்று வளர்ந்து, ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் அந்தப் பட்டியல் முடியும்.

முதல் மூன்று கேள்விகளுக்கு "ஆமாம்" என்று சொல்லும் முதியவர்கள்கூடத் தங்களைப் பசித்தவர்களாக நினைப்பதில்லை. காலையில் தேநீரும் பொறையும், மதியம் சோறும் ரசமும், இரவில் மிச்சச் சோற்றில் ஊற்றிய தண்ணீரும் என்று ஓராண்டாக வாழ்பவர், "மூணு வேளையும் சாப்பிடறேன், ஒரு குறையும் இல்லை" என்றுதான் சொல்வார். "சாப்பிட்டீங்களா?" என்ற நம்முடைய வழக்கமான விசாரிப்பில் அவர் அகப்படமாட்டார். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, தொட்டுக்க என்ன?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது. அப்புறம் எப்படிங்க வயசானவங்க பசியில இருப்பாங்க?

இதுதான் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். ஒருவர் மட்டும் உள்ள அட்டைக்குப் பன்னிரண்டு கிலோ கிடைத்தால் நாளுக்கு 400 கிராம் ஆகிறது. வெறும் மாவுச்சத்துக் கணக்கில் பார்த்தால் ஒரு மூதாட்டிக்கு அது ஏறக்குறையப் போதும். குறை இருப்பது அரிசிக்கு வெளியே. அதை வேகவைக்க எரிவாயுவோ விறகோ வேண்டும், குழம்புக்குப் பருப்பும் புளியும் காயும் வேண்டும், பையைச் சுமக்கத் தோள் வேண்டும், மெல்லுவதற்குப் பல் வேண்டும்.

எழுபதைக் கடந்த ஓர் அம்மாவின் வீட்டுக்கு அட்டை நகல் வாங்கப் போயிருந்தேன். மூலையில் இரண்டு மாத ரேஷன் அரிசி சாக்கோடு இருந்தது, வண்டு விழுந்திருந்தது. சிலிண்டர் தீர்ந்து மூன்று வாரமாகிவிட்டது. வெளியே மூன்று கல் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை சோறு வடிக்கிறார். முதல் நாள் சூடாக, மறுநாள் தண்ணீர் ஊற்றி. தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் உப்பும் நான்கு பச்சை மிளகாயும். அந்த வீட்டை எந்த அதிகாரி கணக்கெடுத்தாலும் "அரிசி பெற்றது" என்ற கட்டத்தில்தான் குறி விழும்.

மகன் வீட்ல இருக்கறவங்களுக்கு இந்தப் பிரச்சினை வராதுதானே?

வரும். வீடு முழுவதற்கும் உணவு இருப்பதும் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் உணவு இருப்பதும் வேறு வேறு. வேலைக்குப் போகிறவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் முதலில் பரிமாறி, மீதியில் சமைத்தவளும் கிழவியும் பங்கிட்டுக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். இதைக் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. அந்த வரிசையை அந்தக் கிழவியே தம் இளமையில் தம் மாமியாருக்கு வைத்திருப்பார். "எனக்குப் பசிக்கல, பிள்ளைக்கு வை" என்று சொல்பவருக்கு உண்மையிலேயே பசிக்கவில்லையா என்று யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

பெற்றோர் இருவரையும் இரு மகன்கள் பிரித்துக்கொள்வதும், மாதம் மாறி மாறி முறை வைத்துச் சோறு போடுவதும் நம் ஊர்களில் உண்டு. முறை மாறும் நாளில்தான் சிக்கல். ஒரு வீட்டில் காலையோடு முடிந்தது, அடுத்த வீட்டில் இரவில்தான் தொடங்கும் என்று மதியம் எங்கள் திண்ணையிலேயே படுத்திருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கேட்டதற்கு, புத்தகம் படிக்க வந்ததாகச் சொன்னார்.

வயசானா சாப்பாடு குறையும், அது இயற்கைதானே?

பாதி உண்மை. உழைப்பும் தசையும் குறைவதால் உடலுக்குத் தேவையான மொத்த ஆற்றல் குறைகிறது. ஆனால் புரதம், கால்சியம், பி12 போன்றவற்றின் தேவை அவ்வாறு குறைவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, வயது வந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் மருத்துவ வல்லுநர் பலரின் கருத்து. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 கிராம் அரிசியில் இருப்பது 20 கிராமை ஒட்டியது. மிச்சம் பருப்பு, பால், முட்டை, மீன், கடலை ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். விலை அதிகமுள்ள பொருள்கள் என்பதால் காசு குறையும்போது முதலில் நிற்பவையும் இவையே.

பல் போனவர்கள் கடலையையும் கறியையும் தாமாகவே விட்டுவிடுவார்கள். சில மாத்திரைகள் நாக்கின் சுவையை மாற்றிவிடும். இவையெல்லாம் சேர்ந்துதான் "வயசாயிடுச்சு, சாப்பாடு இறங்கல" என்ற ஒரு வாக்கியமாக நம் காதில் விழுகின்றன.

வீட்ல இருக்கற பெரியவர் போதுமான அளவு சாப்பிடறாரா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எடைக் கருவி தேவையில்லை. வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, ரவிக்கையைப் பிடித்துத் தைத்திருக்கிறார்களா, வேட்டியை இடுப்பில் கூடுதல் மடிப்பு வைத்துக் கட்டுகிறார்களா, பல்செட் தளர்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்தவர் இப்போது சுவரைப் பிடிக்கிறார் என்றால் தொடைத் தசை போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். எந்தக் காரணமும் இல்லாமல் மூன்று மாதத்தில் இரண்டு மூன்று கிலோ குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காசநோய், தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு ஆகியவையும் எடையைக் குறைக்கும் என்பதால் எல்லாவற்றையும் உணவுக் குறைவு என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

இந்தியாவில எத்தனை முதியவர்களுக்கு இந்த நிலைமை? குழந்தைகளுக்குச் சொல்றமாதிரி ஒரு கணக்கு ஏன் பேப்பர்ல வரமாட்டேங்குது?

அளப்பவர்கள் முதியவர்களை அளக்காததால். தேசியக் குடும்பநல ஆய்வு பெண்களில் 15 முதல் 49 வயது வரையும் ஆண்களில் 15 முதல் 54 வரையும் உள்ளவர்களின் எடை, உயரம், இரத்தசோகையைப் பதிவு செய்கிறது. ஐம்பதைத் தொட்ட பெண் அந்த அட்டவணையிலிருந்து விழுந்துவிடுகிறாள். ஆண்டுதோறும் பத்திரிகைகளில் சண்டை மூட்டும் உலகப் பசிக் குறியீட்டுக்கு நான்கு அளவைகள்: மக்கள்தொகையில் போதிய கலோரி கிடைக்காதோர் பங்கு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு, குழந்தைகளின் உடல் மெலிவு, குழந்தை இறப்பு. நான்கில் மூன்று ஐந்து வயதுக்குட்பட்டவர்களைப் பற்றியவை. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2.2ஆம் இலக்கு முதியோரின் ஊட்டச்சத்துத் தேவையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதை அளக்க வைத்திருக்கும் குறியீடுகளோ குழந்தைகளையும் குழந்தை பெறும் வயதுப் பெண்களையும் மட்டுமே பார்க்கின்றன.

ஒரு நல்ல விதிவிலக்கு, 2017–18இல் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வு. 'லாசி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வேளைச் சாப்பாட்டைக் குறைத்தீர்களா, பசித்தும் உண்ணாமல் இருந்தீர்களா என்ற கேள்விகளை அது கேட்டது, எடையையும் பார்த்தது. அறுபதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று மேலானோர் எடை குறைந்தவர்கள் என்று தெரியவந்தது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 10.38 கோடிப் பேர் இருந்தார்கள் என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஏழை நாடுகள் எல்லாத்துலயும் இப்படித்தானா, நம்ம ஊர்ல மட்டுமா?

உலக வங்கியின் வகைப்பாட்டில் இந்தியா இன்று கீழ்நடுத்தர வருமான நாடு; உகாண்டா, மலாவி போன்றவை குறைந்த வருமான நாடுகள். அங்கே நிலைமை இன்னும் கடினம். முறையான வேலையில் இருந்து ஓய்வூதியத்தோடு வெளியேறியவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் உடம்பு விழும்வரை மண்வெட்டி பிடிக்க வேண்டும். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் எய்ட்ஸ் ஒரு தலைமுறையையே கொண்டுபோன பின், பாட்டிமார் நான்கைந்து பேரப்பிள்ளைகளை வளர்த்தார்கள். இருந்த கூழ் முதலில் பிள்ளைகளுக்குப் போனது. பஞ்சத்திலும் போரிலும் முகாம்களில் நடக்கும் ஊட்டச்சத்துப் பரிசோதனையில்கூடக் குழந்தையின் புஜத்தைச் சுற்றித்தான் அளவு நாடா சுற்றப்படுகிறது.

ஏழ்மையைக் காரணம் காட்டி ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியல்ல. நேபாளம் 1995இல் 75 வயதைக் கடந்த எல்லோருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கியது. பின்னர் வயதையும் குறைத்து, தொகையையும் உயர்த்தியது. வங்கதேசம் 1998இல் முதியோர் உதவித்தொகையை ஆரம்பித்தது. தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட குட்டி நாடான லெசோத்தோ 2004 முதல் 70 வயதைக் கடந்தவர்களுக்கு வழங்குகிறது. உகாண்டாவும் 25,000 ஷில்லிங் கொடுக்கிறது, ஆனால் நாடு முழுவதற்கும் விரிவாக்கியபோது வயது 80 என்று வைத்துவிட்டார்கள். எழுபத்தைந்தில் பசித்திருப்பவர் இன்னும் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

முதியவருக்குச் சாப்பாடு கொடுக்கணும்னு சட்டம் ஏதாவது இருக்கா?

அரசு கொடுத்தாக வேண்டும் என்று நேரடியாக இல்லை. 2001இல், ராஜஸ்தானில் வறட்சி வாட்ட, மத்திய அரசின் கிடங்குகளில் தானியம் நிரம்பிக் கிடந்த நேரத்தில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று வந்த ஆணை, மதிய உணவு, மிக ஏழைகளுக்கு ரேஷன் தானியம் தரும் அந்தியோதயா, முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட திட்டங்களை அரசின் தயவு என்ற நிலையிலிருந்து சட்டப்படியான உரிமை என்ற நிலைக்கு உயர்த்தியது. ஓய்வூதியம் ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்றும் அதில் உண்டு.

பின்னர் வந்த 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களுக்கும் சமைத்த உணவை உரிமையாக்கியது. 2011இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவில் ஆதரவற்றவருக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை இலவச உணவு என்ற பிரிவு இருந்தது. சட்டமாகும்போது அது காணாமற்போயிற்று. முதியவருக்குப் போதுமான ஓய்வூதியம் என்பது மூன்றாம் அட்டவணையில், அரசு படிப்படியாகச் செய்ய முயல வேண்டியவற்றின் பட்டியலில் நிற்கிறது. தனியே சமைக்க முடியாத ஒருவருக்குச் சமைத்த உணவுதான் முதல் தேவை என்பதால், அந்தப் பிரிவு விடுபட்டதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

முதியோர் உதவித்தொகை எவ்வளவு? அதுல மாசம் முழுக்கச் சாப்பிட முடியுமா?

தமிழ்நாடு 1962இல் மாதம் 20 ரூபாயோடு இதைத் தொடங்கியது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது 75 ரூபாய், 2006இல் 200. 60 முதல் 79 வயதினருக்கு மத்தியப் பங்கு அந்த 200இலேயே நின்றுபோனது. 80ஐக் கடந்தால் 500. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. தமிழ்நாட்டில் 2011இல் 1,000 ஆன தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது.

1,200 என்றால் நாளுக்கு 40 ரூபாய். அரிசி இலவசம் என்பதை வைத்துக்கொண்டாலும், அரை லிட்டர் பால் வாங்கினால் பாதி போய்விடும். ஒரு முட்டை, இரண்டு தக்காளி, பத்து ரூபாய்க்கு ஒரு தேநீர் என்று கூட்டினால் மாத்திரைக்கும் பேருந்துக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அதைச் சிறிது என்று என்னால் தள்ள முடியவில்லை. பணம் வராத மாதத்தில் திண்ணைக்கு வரும் கூட்டத்தைப் பார்ப்பவன் நான்.

மகன் இருக்கான்னு சொல்லி பென்ஷன் கிடையாதுன்னுட்டாங்க. அவன் பத்து பைசா தர்றதில்ல. என்ன செய்ய?

"ஆதரவற்றவர்" என்ற சொல் செய்யும் வேலை இது. மகன் உயிரோடு இருப்பதும் மகன் ஆதரிப்பதும் ஒன்று என்று விசாரணையில் எழுதிவிடுகிறார்கள். மத்திய அரசின் முதியோர் திட்டம் 2007இல் மாற்றப்பட்டபோது, ஆதரவற்றவர் என்ற நிபந்தனை போய், வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பதும் வயதுமே தகுதி என்றாயிற்று. வயதும் 2011இல் 65இலிருந்து 60க்கு இறங்கியது. ஆகவே எந்தத் திட்டத்தின் கீழ் மறுத்தார்கள் என்று கேட்பது முதல் வேலை.

வாய்மொழியாக மறுத்ததை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இ-சேவை மையத்தில் பதிந்த விண்ணப்ப எண்ணை வைத்துக்கொண்டு, மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விஏஓவின் விசாரணையில், மகன் தனி அட்டையில் இருக்கிறான், தனியே சமைக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியரே முடிவெடுப்பவர். அவரிடம் நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பலருக்கு இரண்டாம் மனுவில்தான் கிடைத்திருக்கிறது.

ஓஏபி வாங்கறவங்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சாப்பாடு உண்டாமே, நிஜமா?

நிஜம்தான். 1982 ஜூலையில் குழந்தைகளுக்கென்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1983 ஜனவரியில் முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. மையத்தில் சாப்பிடுகிறவருக்கு அதோடு மாதம் 2 கிலோ அரிசியும், சாப்பிடாதவருக்கு 4 கிலோவும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலையும் என்பது ஏற்பாடு.

எங்கள் பக்கத்தில் அரிசியையும் சேலையையும் வாங்குகிறார்கள், சாப்பிடப் போகிறவர்கள் அரிது. "பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்துல நான் தட்டெடுத்துக்கிட்டு நிக்கறதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. தூக்குவாளியில் வாங்கி வர அமைப்பாளர் சம்மதித்த இடத்தில் மூன்று பேர் தொடர்ந்து வாங்கினார்கள்.

கடையில ரேகை விழலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். முதுமையில் தோலும் உலர்ந்துவிடும். 2020இல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை முறை வந்ததிலிருந்து இந்தப் புகார் குறையவில்லை. ரேகை விழவில்லை என்பது பொருளை மறுக்கக் காரணம் ஆகாது. 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை அதைச் சுற்றறிக்கையாக எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியிருக்கிறது.

வேறு விரலை வைத்துப் பாருங்கள். விரலை ஈரத் துணியால் துடைத்தாலும் சிலருக்கு விழுகிறது. கருவிழிக் கருவி இருந்தால் கேளுங்கள், செல்பேசிக்கு வரும் ஓடிபியைக் கேளுங்கள். அட்டையில் பதிந்திருக்கும் எண் இன்னும் உங்களுடையதுதானா என்று பார்ப்பது முக்கியம். பாதிப் பேருக்கு அது எப்போதோ ஊரைவிட்டுப் போன மருமகனின் எண். அதன் பிறகும் மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

கடைக்கு நடக்கவே முடியல. வேற யாராவது வாங்கிக் குடுக்கலாமா?

கொடுக்கலாம். கடைக்கு வர இயலாத முதியவர், தம் சார்பில் இன்னார் வாங்குவார் என்று படிவம் கொடுத்து அங்கீகாரச் சான்று பெறலாம். 2025 ஆகஸ்ட் 12 முதல் தாயுமானவர் திட்டம் என்ற பெயரில், 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறுகளில் வண்டியில் வைத்து வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் ஏற்பாடு தொடங்கியது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கடை விற்பனையாளரிடம் கேளுங்கள். சுமைப் பிரச்சினை இதனால் தீரும். வண்டு விழுந்த சாக்கைப் பற்றி மேலே சொன்னேனே, சமைக்கும் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

அந்தியோதயா அட்டை வாங்கினா என்ன லாபம்?

ஆட்கள் எத்தனை பேரானாலும் அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. ஆதரவில்லாத, அறுபதைக் கடந்தவர்கள் இதற்குத் தகுதியானவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தெளிவாகச் சொன்னது. தனியாள் இவ்வளவு அரிசியை உண்ண முடியாது என்பது உண்மை. இட்லி சுடும் வீட்டில் கொடுத்து, பதிலுக்குக் காலையில் நான்கு இட்லி வாங்கிக்கொள்ளும் கிழவிகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ரேஷன் அரிசியை விற்பது குற்றம் என்ற விதியை நானும் அறிவேன். நான்கு இட்லியை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுகர் மாத்திரை போடறவங்க, சாப்பாடு இல்லாத நாள்ல மாத்திரை போடலாமா?

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வந்தால் நினைவு இருக்கும்போதே சர்க்கரையோ வெல்லமோ கரைத்த தண்ணீரைக் குடிக்கச் செய்ய வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். மாத்திரையை நிறுத்துவதையும் குறைப்பதையும் தாமாகச் செய்யக் கூடாது என்பதால், "சில நாள் ராத்திரி சாப்பிடறதில்ல" என்ற உண்மையை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் மறைக்கிறார்கள்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் ஊழியர் வீட்டுக்கே கொண்டுவருகிறார். மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அவரிடம் சொல்லிவிடுவதுண்டு.

பணமாக் குடுத்தா பேரன் பிடுங்கிக்கறான். சாப்பாடாக் குடுக்கறதுதானே நல்லது?

பிடுங்கப்படுவது உண்மை. ஏடிஎம் அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று கேட்டால் பல வீடுகளின் கதை தெரிந்துவிடும். ஆனால் பேரனுக்குத் தாமே கொடுப்பதும் உண்டு. அந்த நூறு ரூபாயால்தான் வீட்டில் தமக்கு ஒரு தட்டு விழுகிறது என்று ஓர் அம்மா என்னிடம் கணக்குச் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் பாட்டிமார் கைக்கு ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் தேறியது கண்டறியப்பட்டிருக்கிறது. முதியவர் கையில் விழும் காசு அவரோடு நிற்பதில்லை.

நடக்கவும் சமைக்கவும் முடிகிறவருக்குப் பணமே மேல் என்பது என் எண்ணம். அடுப்பை மூட்ட முடியாதவருக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் சோறாகாது, அவருக்குச் சமைத்த உணவு வேண்டும். நகரத்தில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லி இருவருக்கும் நடுவில் இருந்தவர்களுக்குப் பெரிதும் உதவியது. கிராமத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

மகன் சோறு போடறதில்ல. கேஸ் போடலாம்னு சொன்னா அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் பராமரிப்பில் அடங்கும். மாதம் 10,000 ரூபாய் வரை ஆணையிடலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்தால், ரத்து செய்யவும் வழியுண்டு.

ஆனால் "என் பிள்ளைய ஆபீஸ்ல நிறுத்த மாட்டேன்" என்று சொல்லும் தாயை மனுவில் கைநாட்டு வைக்க நாம் வற்புறுத்தக் கூடாது. ஆணை வந்தபின் அதே வீட்டில், அதே மருமகளிடம் தட்டு வாங்க வேண்டியவர் அவர். தீர்ப்பாயம் விசாரிக்கும் முன் சமரச அலுவலரிடம் அனுப்பலாம் என்பதையும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசினால் அவர்கள் மகனிடம் பேசிப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் மனம் மாறும்வரை உதவித்தொகையும் தனி அட்டையும் வாங்கித் தருவதில் முனையுங்கள். அவற்றுக்கு யார்மீதும் புகார் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சோறு குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க. "இப்பதான் சாப்ட்டேன்"னு சொல்லிடறாங்க.

தட்டில் போட்டு நீட்டினால் மறுப்பார்கள். "குழம்புல புளி கூடிப்போச்சா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கிண்ணத்தோடு போனால் வாங்குவார்கள், குறையும் சொல்வார்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவனுக்குக் கொடுக்கும் சுண்டலில் அவருக்கும் ஒரு பங்கு வைக்கலாம். கடலையாக இருந்தால் குழைய வேகவையுங்கள், பல் பற்றி மேலே சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. பாட்டி கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. கொல்லையிலிருந்து இரண்டு கொத்து முருங்கைக்கீரை பறித்துப் போட்டுத்தான் அனுப்புகிறார்.